ஸ்க்ரீன் ஒண்ணு சொல்லுது, யார்டு ஒண்ணு சொல்லுது: எஸ்எஸ் ஸ்காடாவுல அறிகுறிய வச்சு பழுது பிடிக்கிறது எப்படி

33/11 கேவி, 110/11 கேவி எஸ்எஸ்கள்ல, அதாவது சப்ஸ்டேஷன்கள்ல, ஆர்டியூ (ஸ்டேஷன் தகவல மேல அனுப்பி, கமாண்ட வாங்குற பெட்டி) மாட்டி கண்ட்ரோல் ரூம் ஸ்காடாவோட (தூரத்துல இருந்தே ஸ்டேஷன பாத்து இயக்குற சிஸ்டம்) சேக்குற வேலைல கொஞ்ச வருஷமா சுத்திட்டு இருக்கேன். போன் வர்றது எப்பவும் ஒரே மாதிரிதான், "சார், ஸ்காடா வரல". அவ்ளோதான் தகவல். எல்லாமே வரலயா, ஒரு ஃபீடர் மட்டும் வரலயா, வருது ஆனா தப்பா வருதா, வந்து வந்து போகுதா, எதுவும் சொல்ல மாட்டாங்க. ஆனா பாதி பழுது அந்த பதில்லயேதான் இருக்கு. அதனால இத அறிகுறி வாரியா எழுதுறேன், உங்க ஸ்க்ரீன்ல என்ன தெரியுதோ அந்த தலைப்புக்கு நேரா போயிடுங்க.

அதுக்கு முன்னாடி ஒரு பழக்கம் மட்டும் வேணும். யார்டு பிரேக்கர்ல இருந்து கண்ட்ரோல் ரூம் ஸ்க்ரீன் வரைக்கும் ஒரு நீளமான சங்கிலி இருக்கு, ஆக்ஸிலரி காண்டாக்ட் (பிரேக்கர் நிலைய சொல்ற சின்ன ஸ்விட்ச்), மார்ஷலிங் பாக்ஸ் (யார்டு வயரெல்லாம் சேர்ற பெட்டி), கண்ட்ரோல் கேபிள், ஆர்டியூ டெர்மினல், இன்புட் கார்டு, சிபியூ, ரௌட்டர், லைன், அந்தப் பக்கம் சர்வர். இதுல ஏதோ ஒரு மூலைல ஆரம்பிச்சு தேடாதீங்க, நேரா நடுவுல போய் ஆர்டியூ டெர்மினல் பிளாக்ல மீட்டர வைங்க. அங்க வோல்டேஜ் சரியா இருந்தா கோளாறு உள்பக்கம், கார்டு, கான்ஃபிக், கம்யூனிகேஷன். அங்கயே தப்பா இருந்தா கோளாறு யார்டு பக்கம், லேப்டாப்ப மூடி வச்சுட்டு ஸ்க்ரூ டிரைவர எடுங்க. நான் வேலைக்கு வந்த புதுசுல ஒரு ஸ்டேட்டஸ் வரலன்னு ரெண்டு நாள் கான்ஃபிக் ஃபைல மாத்தி மாத்தி லோடு பண்ணேன், கடைசில பாத்தா மார்ஷலிங் பாக்ஸுக்குள்ள ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல ஒரு பல்லி கருகி ஒட்டிக்கிட்டு கிடக்கு. ஆப்பரேட்டர் அண்ணன் மூஞ்சில ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க, அத இன்னும் மறக்கல.

சேஃப்டி ரெண்டே வரி, ஆனா இத தாண்டிப் படிக்காதீங்க. யார்டுல கை வைக்கணும்னா எல்சி (லைன் க்ளியர், சப்ளை நிறுத்தி வேலை செய்யக் குடுக்குற அனுமதி) வாங்காம வைக்கக்கூடாது. சிடி (கரண்ட அளக்குற டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரி வயர லோடுல இருக்கும்போது கழட்டவே கூடாது, கழட்டணும்னா முதல்ல லிங்க்ல ஷார்ட் பண்ணிட்டுத்தான், ஓப்பன் சிடில வர்ற வோல்டேஜ் ஆளையே அடிச்சுடும்.

மொத்த ஸ்டேஷனும் சாம்பல் கலர்ல நிக்குது

எல்லா ஃபீடரும் ஒரே நேரத்துல போச்சுன்னா ஃபீடர்ல ஒண்ணும் இருக்காது, பொதுவான எடத்துல பாருங்க. ஆர்டியூ சிபியூல பவர் லைட், ரன் லைட் எரியுதா, ஈதர்நெட் போர்ட்ல லைட் மின்னுதா. பவரே இல்லன்னா டிசி போர்டுல எம்சிபி விழுந்திருக்கும். ஒரு தடவ தூக்கிப் பாருங்க, திரும்ப விழுந்தா நிறுத்திடுங்க, உள்ள ஷார்ட்.

லைட் எல்லாம் நல்லா இருந்தா லேப்டாப்ப சொருகி முதல்ல பக்கத்துல இருக்குற ரௌட்டருக்கு பிங், அப்புறம் கண்ட்ரோல் ரூம் சர்வருக்கு பிங். ரௌட்டர் வருது சர்வர் வரலன்னா அது லைன்காரங்க பிரச்சனை. சர்வர் பிங் வருது ஆனா டேட்டா வரல, இதுலதான் நெறைய பேரு குழம்புறாங்க. பிங் வந்தா எல்லாம் ஓகேன்னு அர்த்தம் கிடையாது. ஐஇசி 104 (ஆர்டியூவும் சர்வரும் பேசிக்கிற மொழி) ஓடுறது 2404-ங்கிற போர்ட்ல, நடுவுல யாராவது ஃபயர்வால்ல கை வச்சு அந்த போர்ட்ட மூடியிருந்தா பிங் ஜோரா போகும் டேட்டா ஒண்ணு கூட போகாது. ஆர்டியூக்குள்ள எந்தெந்த ஐபிய மாஸ்டரா ஏத்துக்கணும்னு ஒரு லிஸ்ட் இருக்கும், சர்வர மாத்துனவங்க புது ஐபிய அங்க சேக்க மறந்திருப்பாங்க.

கனெக்ஷனும் ஆயிடுச்சு, ஆனாலும் டேட்டா இல்லன்னா இன்னும் ரெண்டு விஷயம். கனெக்ஷன் ஆன உடனே மாஸ்டர் "ஸ்டார்ட் டிடி"ன்னு ஒரு மெசேஜ் அனுப்பணும், அது வர்ற வரைக்கும் ஆர்டியூ வாயத் திறக்காது, ஸ்டாண்ட்பை சர்வர் மட்டும் கனெக்ட் ஆகி நிக்கும்போது இப்டித்தான் தெரியும். அடுத்தது காமன் அட்ரஸ், அதாவது ஸ்டேஷன் நம்பர். ரெண்டு பக்கமும் அது ஒத்துப்போகலன்னா பதில்ல காஸ் 46-ன்னு திரும்பி வரும், 47 வந்தா ஸ்டேஷன் நம்பர் சரி ஆனா கேட்ட பாயின்ட்டோட அட்ரஸ் ஆர்டியூல இல்லன்னு அர்த்தம். லாக்ல இந்த ரெண்டு நம்பர பாத்தாலே அரை மணி நேர வேலை மிச்சம்.

கரண்ட் போனா ஸ்காடாவும் கூடவே போகுது

இது எனக்கு ரொம்ப எரிச்சல் தர்ற ஒண்ணு, ஏன்னா ஸ்காடா எதுக்கு வேணுமோ அந்த நிமிஷத்துலதான் அது இருக்காது. இன்கமர் (ஸ்டேஷனுக்கு சப்ளை கொண்டு வர்ற பிரேக்கர்) டிரிப் ஆகுது, ஸ்டேஷன் டார்க், கண்ட்ரோல் ரூம்ல டிரிப் மெசேஜே வரல, வெறும் கம்யூனிகேஷன் ஃபெயில்னு மட்டும் வருது. சப்ளை வந்ததும் ஸ்காடாவும் சமத்தா வந்துடும், யாரும் கண்டுக்க மாட்டாங்க.

முதல்ல ரௌட்டர், ஸ்விட்ச், மோடம் எல்லாத்துக்கும் பவர் எங்க இருந்து வருதுன்னு வயர கையால பிடிச்சு தொடர்ந்து போய்ப் பாருங்க. ஆர்டியூ ஸ்டேஷன் பேட்டரில இருக்கும், ரௌட்டர் மட்டும் கமிஷனிங் அன்னிக்கு அவசரத்துல பக்கத்துல இருந்த 230 வோல்ட் பிளக்ல சொருகினது, அப்டியே வருஷக் கணக்கா இருக்கும். ஸ்டேஷன் ஆக்ஸிலரி சப்ளை போனா ரௌட்டர் செத்துடும், ஆர்டியூ உயிரோட இருந்து யாருக்கு பேசும். டிசி-டிசி கன்வெர்ட்டரோ இன்வெர்ட்டரோ போட்டு ரௌட்டரையும் பேட்டரிக்கு கொண்டு வாங்க.

எல்லாமே பேட்டரிலதான் இருக்குன்னா அப்போ பேட்டரியே பொய் சொல்லுது. 110 வோல்ட் பேங்க்னா பொதுவா 55 செல், செல்லுக்கு 2.2 வோல்ட் ஃப்ளோட்ல (சார்ஜர் எப்பவும் போட்டு வைக்கிற வோல்டேஜ்) மொத்தம் 121 வோல்ட் காட்டும். இத பாத்துட்டு பேட்டரி சூப்பர்னு லாக் புக்ல எழுதிட்டுப் போறாங்க. அது சார்ஜரோட வோல்டேஜ், பேட்டரியோடது இல்ல. ஏஇ (உதவிப் பொறியாளர்) கிட்ட சொல்லி பெர்மிஷன் வாங்கி சார்ஜர ஆஃப் பண்ணி, லோடு பேட்டரில நிக்கும்போது ஒவ்வொரு செல்லா மீட்டர் வைங்க. 54 செல் 2 வோல்ட்கிட்ட நிக்கும், ஒண்ணு மட்டும் பொத்துன்னு விழும். செல்லுங்க எல்லாம் சீரிஸ்ல இருக்கு, ஒண்ணு ஓப்பன் ஆனா மொத்த பேங்கும் இல்லாத மாதிரிதான். இதுல ஸ்காடா போறது சின்ன விஷயம், பிரேக்கர் டிரிப் காயிலுக்கும் அதே பேட்டரிதான், ஃபால்ட் வர்ற நேரத்துல டிசி இல்லன்னா டிரிப்பே ஆகாது, டிரான்ஸ்ஃபார்மரே போயிடும். சார்ஜர ஆஃப் பண்ணதுமே வோல்டேஜ் சரசரன்னு இறங்குச்சுன்னா டெஸ்ட் பண்றேன்னு நின்னு வேடிக்கை பாக்காதீங்க, சார்ஜர திரும்ப போட்டுட்டு மேல சொல்லுங்க. சில சின்ன எஸ்எஸ்ல 24, 30 வோல்ட் பேங்க் இருக்கும், கணக்கு அதே கணக்குதான்.

ஒண்ணு ரெண்டு மீட்டர் மட்டும் வரல, இல்ல எல்லாமே லேட்டா வருது

இது பெரும்பாலும் ஆர்எஸ் 485 லைன். ஃபீடர் பேனல்ல இருக்குற மல்டி ஃபங்ஷன் மீட்டர், பழைய ரிலே எல்லாம் ஒரே ரெண்டு வயர்ல மாட்டியிருக்கும், ஒருத்தன் தப்பு பண்ணா எல்லாரும் அனுபவிக்கணும்.

லைன நிறுத்திட்டு, டிவைஸ் எல்லாம் பவர் ஆஃப்ல இருக்கும்போது ரெண்டு வயருக்கும் நடுவுல ஓம்ஸ் பாருங்க. லைனோட ரெண்டு முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருந்தா மீட்டர் 60 பக்கம் காட்டணும். 120 காட்டுனா ஒரு முனைல இல்ல, இல்லன்னா நடுவுல வயர் அந்துருக்கு. 40 காட்டுனா யாரோ நடுவுல மூணாவதா ஒண்ணு போட்டுருக்காங்க, சில மீட்டர்ல அது உள்ளயே டிப் ஸ்விட்ச்சா இருக்கும், புது மீட்டர் மாத்தும்போது கவனிக்காம ஆன்லயே விட்டுடுவாங்க. அப்புறம் ஏ, பி வயர். ஒரு கம்பெனி ஏ-ன்னு போடுறத இன்னொரு கம்பெனி பி-ன்னு போடும், அதனால ஒரு மீட்டர் மட்டும் வரலன்னா கூச்சப்படாம ரெண்டு வயரையும் மாத்திப் போட்டுப் பாருங்க, அதனால ஒண்ணும் எரிஞ்சுடாது. ஷீல்ட எர்த் பண்றது ஒரு பக்கம் மட்டும். ரெண்டு மீட்டர் மாத்தி மாத்தி வருதுன்னா ரெண்டுக்கும் ஒரே ஸ்லேவ் நம்பர் (லைன்ல ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனியா இருக்க வேண்டிய அட்ரஸ்) இருக்கும்.

எல்லாமே வருது ஆனா அரை நிமிஷம் லேட்டுன்னா, லைன்ல எதோ ஒண்ணு செத்துக் கிடக்குன்னு அர்த்தம். ஆர்டியூ ஒவ்வொருத்தரா பேர் கூப்பிடும், பதில் வரலன்னா ஒரு செகண்ட் காத்திருந்து மூணு தடவ கூப்பிடும், அப்டி நாலஞ்சு மீட்டர் செத்துருந்தா ஒரு சுத்துக்கு 15 செகண்ட் வீணாப் போகும், நல்லா இருக்குற மீட்டரும் சோம்பேறி மாதிரி தெரியும். வேலை செய்யாத மீட்டர கான்ஃபிக்ல டிசேபிள் பண்ணிடுங்க.

நம்பர் வருது, ஆனா நம்புற மாதிரி இல்ல

என்னைக் கேட்டா டேட்டா வராததவிட இது மோசம், ஏன்னா வரலன்னா வரலன்னு தெரியும், தப்பா வந்தா அத நம்பி யாராவது லோடு மாத்துவாங்க. மனசுல ஒரு கணக்கு வச்சுக்கோங்க: 11 கேவி ஃபீடர்ல 100 ஆம்ப்ஸ் போனா 1905 கேவிஏ, பவர் ஃபேக்டர் 0.9-ன்னா கிட்டத்தட்ட 1715 கிலோவாட். இத வச்சு எந்த ஃபீடரையும் பத்து செகண்ட்ல சரி பாத்துடலாம்.

ஆம்ப்ஸ் சரியா பாதி, இல்ல சரியா ரெண்டு மடங்குன்னா அது சிடி ரேஷியோ. லோடு கூடுதுன்னு 200/1-ல இருந்து 400/1-க்கு சிடிய மாத்தியிருப்பாங்க, மீட்டர்லயோ ஆர்டியூலயோ பழைய 200 அப்டியே இருக்கும், பாதிதான் காட்டும். நானூறு மடங்கு காட்டுனா மீட்டர் ஏற்கனவே பிரைமரி வேல்யூ குடுக்குது, ஆர்டியூவும் தன் பங்குக்கு ஒரு தடவ பெருக்குது. வோல்டேஜ் 6.35-ன்னு வந்து லோ வோல்டேஜ் அலாரம் அடிச்சா பயப்படாதீங்க, 11-ஐ ரூட் 3-ஆல வகுத்தா அதுதான், லைன் டு லைன் பாயின்ட்டுக்கு பதிலா ஃபேஸ் வோல்டேஜ் ரெஜிஸ்டர எடுத்துட்டாங்க.

ஃபீடர் சாதாரணமா ஓடுது, ஆனா கிலோவாட் மட்டும் எதிர்பார்த்ததுல மூணுல ஒரு பங்கு. இது ஒரு ஃபேஸ் சிடி எஸ்1, எஸ்2 மாறிப் போனது. ரெண்டு ஃபேஸ் பிளஸ், ஒண்ணு மைனஸ், கூட்டுனா ஒண்ணுதான மிஞ்சும். மூணு ஆம்ப்ஸும் சரியா காட்டும், அதனால யாருக்கும் சந்தேகமே வராது. மீட்டர் டிஸ்ப்ளேல ஒவ்வொரு ஃபேஸ் கிலோவாட்டா தட்டிப் பாத்தா ஒண்ணு மைனஸ்ல இருக்கும்.

வோல்டேஜ் மைனஸ் பத்து கோடியே சொச்சம்னு வருதா? சிரிக்காதீங்க, நெசமாவே வரும். மோட்பஸ்ல (மீட்டரும் ஆர்டியூவும் பேசிக்கிற மொழி) தசம நம்பர் ஒண்ணு ரெண்டு ரெஜிஸ்டரா பிரிஞ்சு வரும், எது முன்னாடி எது பின்னாடிங்கிறது கம்பெனிக்கு கம்பெனி மாறும். 11.05-ங்கிற நம்பரோட ரெண்டு பாதியையும் இடம் மாத்திப் போட்டா மைனஸ் 10.7 கோடிகிட்ட வரும், 11.00-ன்னு இருந்தா ஜீரோன்னு காட்டும். வேர்ட் ஸ்வாப்னு கான்ஃபிக்ல ஒரு டிக் இருக்கும், அத மாத்துனா தீந்துச்சு. R ஃபேஸ் இடத்துல Y, Y இடத்துல B காட்டுனா ரெஜிஸ்டர் அட்ரஸ் ஒரு படி தள்ளிப் போயிருக்கு, மேனுவல்ல 40001-ன்னு போட்டத சில ஆர்டியூ ஜீரோன்னு எண்ணும், சிலது ஒண்ணுன்னு எண்ணும், அந்த பஞ்சாயத்துதான்.

இன்னொன்னு, பகல்ல எல்லாம் சரியா இருக்கும், சாயங்காலம் பீக்ல மட்டும் திடீர்னு பெரிய மைனஸ் நம்பர். 16 பிட் நம்பர் 32767-க்கு மேல போகாது, அடுத்தது மைனஸ் 32768-தான். கிலோவாட்ட பத்தால பெருக்கி அனுப்புனா 3276.7 கிலோவாட்ட தாண்டுன உடனே குப்புற விழும். ஸ்கேல மாத்துங்க, இல்லன்னா ஃப்ளோட்ல, அதாவது தசம நம்பரா, அனுப்புங்க.

ராத்திரி பூரா ஆம்ப்ஸ் அசையாம ஒரே நம்பர்ல நின்னா அது டெட் பேண்ட். 400 ஆம்ப்ஸ் ரேஞ்சுக்கு 5 சதவீதம்னு வச்சா 20 ஆம்ப்ஸ் மாறுனாத்தான் ஆர்டியூ மேல அனுப்பும், ராத்திரில எட்டுல இருந்து இருபது வரைக்கும் ஆடுற சின்ன ஃபீடர் செத்த மாதிரியே தெரியும். ஒரு சதவீதம் பக்கம் கொண்டு வாங்க, லைன் மெதுவா இருந்தா மட்டும் கொஞ்சம் கூட்டிக்கலாம்.

டிரான்ஸ்ஃபார்மர் வெப்பம் மைனஸ் 37.5

கத்திரி வெயில்ல ஆயில் டெம்பரேச்சர் மைனஸ் 37.5-ன்னு காட்டுச்சுன்னா டிரான்ஸ்ஃபார்மர் சியாச்சின்ல இல்ல, வயர் அந்துருக்கு. 4-ல இருந்து 20 மில்லி ஆம்ப் வரைக்கும் 0-ல இருந்து 150 டிகிரின்னு வச்சிருந்தா, கரண்ட்டே வராதப்போ கணக்கு நேரா மைனஸ் 37.5-ல போய் நிக்கும். எல்லா டெம்பரேச்சரும் கொஞ்சம் கூட காட்டுச்சுன்னா, அதாவது 75 இருக்க வேண்டிய எடத்துல 90-ன்னா, கார்ட 4-20-க்கு பதிலா 0-20-ன்னு செட் பண்ணியிருக்காங்க. பிடி 100 (வெப்பத்துக்கு ஏத்த மாதிரி ரெசிஸ்டன்ஸ் மாறுற) சென்சார நேரா ரெண்டு வயர்ல இழுத்திருந்தா கேபிளோட ரெசிஸ்டன்ஸும் சேர்ந்து டெம்பரேச்சரா மாறிடும், 4 ஓம் வயர்னா பத்து டிகிரி கூட காட்டும், மூணு வயரா மாத்துங்க.

டிரான்ஸ்ஃபார்மர் டேப் பொசிஷன் பிசிடில (நம்பர பிட் பிட்டா தனித்தனி வயர்ல அனுப்புற முறை) வர்ற எடத்துல 7-க்கு 5, 6-க்கு 4-ன்னு வந்தா ரெண்டாம் பிட் வயர் லூஸ். டேப் மாறுற நேரத்துல ஒரு கணம் ஜீரோ காட்டும், அது பழுது இல்ல.

பிரேக்கர் ஆன்ல இருக்கு, ஸ்க்ரீன்ல கேள்விக்குறி

பிரேக்கர் ஸ்டேட்டஸ் ரெண்டு வயர்ல வரும், 52ஏ (பிரேக்கர் ஆன்ல இருந்தா மூடுற காண்டாக்ட்) ஒண்ணு, 52பி (ஆஃப்ல இருந்தா மூடுறது) ஒண்ணு. 10-ன்னா ஆன், 01-ன்னா ஆஃப். 00-ன்னு வந்தா ரெண்டுமே இல்ல, பிரேக்கர் பாதில நகர்ற நேரத்துல ஒரு கண் சிமிட்டுற அளவுக்கு இப்டி வரும், நின்னுட்டா கோளாறு. 11-ன்னா எங்கயோ ஷார்ட், இல்லன்னா ஃபெரூல் நம்பர் (வயர் முனைல மாட்டுற அடையாள நம்பர்) மாறி வயர் ரெண்டும் ஒரே காண்டாக்ட்ல உக்காந்துருக்கு. இன்டோர் பேனல்ல 00 வந்தா முதல்ல பிரேக்கர் டிரக்கோட செகண்டரி பிளக் சொருகியிருக்கான்னு பாத்துட்டு அப்புறமா கவலப்படுங்க. அவுட்டோர்ல பெரும்பாலும் ஆக்ஸிலரி ஸ்விட்ச்சோட லிங்க் ராடு லூஸ், இல்ல காண்டாக்ட் கருத்துப் போயிருக்கும், கடலோர ஸ்டேஷன்ல உப்புக் காத்துக்கு டெர்மினலே பச்ச பூத்துப் போயிடும். கியோஸ்க்குள்ள (பிரேக்கரோட கண்ட்ரோல் பெட்டி) குளவி கூடு கட்டி மண்ண அப்பி வச்சதும் பாத்துருக்கேன்.

இங்க மீட்டர் வைக்கிறதுல ஒரு பொறி இருக்கு. டிசி பேங்க் எர்த்துல ஒட்டாம மிதக்குற சிஸ்டம், அதனால எர்த்த பாத்து அளந்தா பிளஸ் 55, மைனஸ் 55-ன்னு குழப்பும், எப்பவும் நெகட்டிவ் பஸ்ஸ பாத்து அளங்க. அப்புறம் நீளமான கண்ட்ரோல் கேபிள்ல பக்கத்து வயரோட தூண்டுதல்ல சும்மா இருக்குற கோர்லயும் டிஜிட்டல் மீட்டர் 30, 40 வோல்ட் காட்டும். அது பேய் வோல்டேஜ், ஒரு சின்ன டெஸ்ட் லேம்ப் போட்டா காணாமப் போயிடும்.

கமாண்ட் குடுத்தாச்சு, பிரேக்கர் அசையல

க்ளோஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், அந்த ஃபீடர்ல எல்சி நிக்குதான்னு லாக் புக்க பாருங்க, ஆப்பரேட்டர் வாயால சொல்லிக் கேளுங்க. டெஸ்ட் பண்றதுன்னா பிரேக்கர டெஸ்ட் பொசிஷன்ல இழுத்து வச்சுட்டுப் பண்ணுங்க, அவுட்டோர்னா ஐசொலேட்டர் ரெண்டு பக்கமும் திறந்துட்டு.

கண்ட்ரோல் ரூம்ல கமாண்ட் சக்சஸ்னு வந்துச்சுன்னு சொல்லுவாங்க. அதுக்கு அர்த்தம் ஆர்டியூ கமாண்ட வாங்கிக்கிச்சுங்கிறது மட்டும்தான், பிரேக்கர் நகர்ந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. பேனல்ல நின்னு கமாண்ட் குடுக்கச் சொல்லுங்க, அவுட்புட் ரிலே டிக்குன்னு சத்தம் வருதா? வரலன்னா ஆர்டியூ பக்கம்: லோக்கல் ரிமோட் ஸ்விட்ச் லோக்கல்ல இருக்கு, இல்ல பாயின்ட் அட்ரஸ் தப்பு, இல்லன்னா செலக்ட் பண்ணி எக்ஸிக்யூட் வர்றதுக்குள்ள டைம் அவுட் ஆகுது. மோடம் லைன்ல இந்த கடைசி கேஸ் அடிக்கடி வரும், டைமர கொஞ்சம் நீட்டுங்க.

டிக்குன்னு சத்தம் வருது, பிரேக்கர் மட்டும் கம்முன்னு இருக்குன்னா யார்டு பக்கம் போகலாம். லோக்கல் ரிமோட் ஸ்விட்ச் ரெண்டு இருக்கும், கண்ட்ரோல் பேனல்ல ஒண்ணு, பிரேக்கர் கியோஸ்க்ல ஒண்ணு. முந்தின நாள் மெயின்டனன்ஸ்க்கு வந்தவங்க கியோஸ்க்ல லோக்கல்ல வச்சுட்டு மறந்து போயிருப்பாங்க, என் கணக்குல இந்த தலைப்புல வர்ற கால்ல பாதி இதுதான். அடுத்து மாஸ்டர் டிரிப் ரிலே 86 ரீசெட் ஆகாம நிக்குதா பாருங்க, நின்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும், சும்மா ரீசெட் பண்ணிடாதீங்க, ரிலேல என்ன ஃபால்ட்னு படிங்க. அப்புறம் ஸ்ப்ரிங் சார்ஜ் ஆயிருக்கா, எஸ்எஃப்6 பிரேக்கர்னா கேஸ் லாக்அவுட் இருக்கா, டிரிப் சர்க்யூட் ஹெல்தி லைட் எரியுதா. இதெல்லாம் தாண்டியும் வரலன்னா பல்ஸ் நேரம், 100 மில்லி செகண்ட் பல்ஸ் குடுத்தா பழைய மெக்கானிசம் முழிச்சுக்கறதுக்குள்ள முடிஞ்சுடும், அரை செகண்ட்லேர்ந்து ஒரு செகண்ட் வரைக்கும் வச்சுப் பாருங்க.

ஓப்பன் வேலை செய்யுது, க்ளோஸ் மட்டும் வேலை செய்யலன்னா பெரும்பாலும் இன்டர்லாக், இல்லன்னா ஸ்ப்ரிங், முதல்ல அங்க தேடுங்க. ஒரு தடவ ஆர்டியூவோட சின்ன ரிலேவுலயே நேரா காயில ஓட்டியிருந்தாங்க, டிசி காயில அறுக்கும்போது வர்ற பொறில காண்டாக்ட் ஒட்டிக்கிச்சு, கமாண்ட் போய் நின்னுட்டாலும் க்ளோஸ் சப்ளை நிக்கல, ஆன்டி பம்பிங் ரிலே (பிரேக்கர் திரும்பத் திரும்ப க்ளோஸ் ஆகாம தடுக்குறது) இருந்ததால தப்பிச்சோம். நடுவுல ஹெவி டியூட்டி ரிலே கட்டாயம் இருக்கணும்.

க்ளோஸ் ஆகி உடனே டிரிப் ஆகுதா, ரெண்டாவது தடவ முயற்சி பண்ணாதீங்க. அது ஸ்காடா பழுது இல்ல, லைன்ல எங்கயோ மரம் விழுந்து கிடக்கு.

அலாரம் மழையா கொட்டுது

வடகிழக்கு பருவமழை ஆரம்பிச்ச மொத வாரம் இது நிச்சயம். ஒரே பாயின்ட் ஆன், ஆஃப், ஆன், ஆஃப்னு ஆயிரம் ஈவென்ட். ஒரு பாயின்ட் மட்டும்னா காண்டாக்ட் சாட்டரிங், டீபவுன்ஸ் (சின்ன ஆட்டத்த கண்டுக்காம விடுற டைமர்) 20 மில்லி செகண்ட் பக்கம் வைங்க, அதோட அந்த காண்டாக்டயும் சரி பண்ணுங்க, டைமர ஏத்தி மூடி மறைக்காதீங்க. புக்கால்ஸ் (டிரான்ஸ்ஃபார்மர்ல கேஸ் சேர்றத காட்டுற ரிலே) அலாரம்னா மட்டும் தண்ணி பூந்துருக்கும்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க, கண்ணாடில கேஸ் சேர்ந்துருக்கான்னு கண்ணால பாத்துட்டுத்தான் அடுத்த வேலை.

சம்பந்தமே இல்லாத பல பாயின்ட் சேர்ந்து ஆடுதுன்னா டிசி எர்த். பாசிட்டிவ் டு எர்த், நெகட்டிவ் டு எர்த் அளங்க, ரெண்டும் சுமாரா சமமா இருக்கணும். ஒண்ணு 105, இன்னொண்ணு 5-ன்னா, அஞ்சு காட்டுற பக்கம் எர்த்த தொட்டுக்கிட்டு இருக்கு. ஒரு எர்த் இருக்கும்போது எல்லாம் வேலை செய்யும், அதனாலதான் யாரும் தேட மாட்டாங்க, ரெண்டாவது எர்த் ஒண்ணு வேற எடத்துல வந்தா டிரிப் காயிலுக்கு சும்மாவே பாதை கிடைச்சு நல்ல ஃபீடர் டிரிப் ஆகும். கண்டுபிடிக்க டிசி போர்டுல ஒவ்வொரு சர்க்யூட்டா ஒரு கணம் எடுத்து எடுத்து வைக்கணும், பேலன்ஸ் திரும்பற சர்க்யூட்தான் ஆளு. புரொடெக்ஷன் சர்க்யூட்ட ஆப்பரேட்டருக்கும் ஏஇக்கும் சொல்லாம எடுக்காதீங்க, யார்டு லைட்டிங், ஹீட்டர், அலாரம் சர்க்யூட்ல ஆரம்பிங்க. நான் பாத்த வரைக்கும் கடைசில அது மார்ஷலிங் பாக்ஸ் கதவோட ரப்பர் நைஞ்சு போய், இல்ல கேபிள் கிளாண்ட் அடைக்காம விட்ட ஓட்டை வழியா தண்ணி எறங்கினதாத்தான் இருக்கும்.

61850 ஸ்டேஷன்ல இன்டர்லாக் வரல

நெட்வொர்க் ஸ்விட்ச் மாத்துன அன்னிக்குத்தான் இது நடக்கும். 61850-ல ரிலேங்க ஒண்ணுக்கொண்ணு நெட்வொர்க்லயே பேசிக்கும், அந்த கூஸ் மெசேஜ் ஐபில போறது இல்ல, பிங் பண்ணி ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. வயர்ஷார்க்ல ஈதர்டைப் 88பி8-ன்னு ஃபில்டர் போடுங்க. ஒண்ணும் வரலன்னா புது ஸ்விட்ச்ல விலேன் செட்டிங் ஏத்தல. வருது, சீக்வன்ஸ் நம்பர் ஏறிட்டே இருக்கு, ஆனா பிரேக்கர் ஸ்டேட்டஸ் மாத்துனாலும் ஸ்டேட் நம்பர் ஏறலன்னா அனுப்புற ரிலேல டேட்டாசெட் தப்பு. ஸ்டேட் நம்பரும் ஏறுது, வாங்குற ரிலே மட்டும் கண்டுக்கலன்னா கான்ஃபிக் ரிவிஷன் நம்பர ஒப்பிடுங்க, ஒரு ரிலேய மட்டும் எடிட் பண்ணி டவுன்லோடு பண்ணிட்டு மத்ததுக்கு புது ஃபைல ஏத்தாம விட்டா இப்டித்தான் ஆகும். டெஸ்ட் பிட் ஆன்ல நிக்குதான்னும் ஒரு பார்வை பாத்துடுங்க.

யாரும் குடுக்காமலே பிரேக்கர் ஓப்பன் ஆச்சு

மொதல்ல புரொடெக்ஷன் ரிலேய படிங்க, பத்துக்கு ஒம்போது தடவ அது நியாயமான டிரிப், இல்லன்னா மேல சொன்ன டிசி எர்த். ரிலேல ஒண்ணும் இல்ல, ஆர்டியூ லாக்ல கமாண்ட் வந்ததா பதிவு இருக்கு, கண்ட்ரோல் ரூம்ல யாரும் குடுக்கலன்னா அப்போ விஷயமே வேற. உக்ரைன்ல 2015 டிசம்பர் 23-ம் தேதி மூணு விநியோக கம்பெனில இப்டித்தான் நடந்துச்சு, ஆப்பரேட்டர் கண்ணு முன்னாடியே மவுஸ் தானா நகர்ந்து பிரேக்கர ஒண்ணொண்ணா திறந்துச்சு, ரெண்டே கால் லட்சம் இணைப்புக்கு கரண்ட் போச்சு, சில மணி நேரத்துல திரும்ப வந்துச்சுன்னா அது ஆளுங்க ஸ்டேஷனுக்கு ஓடிப்போய் கையால போட்டதாலதான். அதனால சந்தேகம்னா ஸ்விட்ச்ச லோக்கலுக்கு மாத்துங்க, ரௌட்டர் கேபிள உருவுங்க, ஆர்டியூவ ரீஸ்டார்ட் பண்ணாதீங்க, லாக் அழிஞ்சுடும். மேல உடனே சொல்லுங்க, செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022-ல போட்ட உத்தரவுப்படி இந்த மாதிரி சம்பவத்த ஆறு மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும். ஸ்டேஷன் பிசில யாரோ வசதிக்காக போட்டு வச்ச ரிமோட் டெஸ்க்டாப் ஆப் இருக்கான்னு இன்னிக்கே பாருங்க, எனக்குத் தெரிஞ்சு நெறைய எடத்துல இருக்கு.

நேரம் தப்பு

அஞ்சரை மணி நேரம் முன்ன பின்ன இருந்தா யூடிசி (உலகப் பொது நேரம்) பஞ்சாயத்து, ஆர்டியூ ஒரு தடவ கூட்டுது, சர்வரும் ஒரு தடவ கூட்டுது. தேதி கிட்டத்தட்ட இருபது வருஷம் பின்னாடி போயிடுச்சுன்னா பழைய ஜிபிஎஸ் ரிசீவர், 1024 வாரக் கணக்கு 2019 ஏப்ரல் 6 நள்ளிரவு திரும்ப ஜீரோ ஆச்சே, அப்ப ஃபர்ம்வேர் மாத்தாம விட்டது. பிரேக்கர் ஓப்பன் ஆன பிறகுதான் ரிலே பிக்கப் ஆன மாதிரி ஈவென்ட் லிஸ்ட்ல வந்தா ரெண்டு டிவைஸும் வேற வேற கடிகாரத்துல ஓடுது, ஜிபிஎஸ் ஆன்டெனா கேபிள மாடில போய்ப் பாருங்க. கனெக்டர்ல தண்ணி இருக்கும், இல்லன்னா குரங்கு கேபிள பிடிச்சு ஊஞ்சலாடியிருக்கும்.